பிளாஸ்மா உந்துவிசையில் வேலை செய்ய விரும்பும் மகளுக்கு எந்தப் பட்டப்படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் விண்கலங்களின் பிளாஸ்மா எந்திரத்தில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாக இருப்பதையும், கலந்தாய்வுப் பட்டியலில் அந்தப் பெயரில் ஒரு படிப்பும் இல்லையே என்று தாங்கள் கலங்குவதையும் கடிதத்தில் கண்டேன். இளநிலையில் அப்படியொரு படிப்பைத் தேட வேண்டியதில்லை. அந்த எந்திரம் எந்தத் தனித் துறைக்குள்ளும் அடங்குவதன்று.

செனான் வாயுவின் அணுக்களை மின்னூட்டம் பெற்ற அயனிகளாக்கி (இப்படி அயனியாக்கப்பட்ட வாயுவே பிளாஸ்மா), மின்புலத்தால் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி விரட்டுவதே அதன் வேலை. 2007இல் ஏவப்பட்ட நாசாவின் டான் விண்கலத்தில் ஓர் எந்திரம் தந்த விசை அதிகபட்சம் 90 மில்லிநியூட்டன் அளவுதான். உள்ளங்கையில் வைத்த இரண்டு ஏ4 தாள்களின் கனம். (அதைக் கொண்டு தரையில் கிடக்கும் கைக்குட்டையைக்கூடத் தூக்க முடியாது.) ஆனால் தடுக்கக் காற்றில்லாத வெளியில் அந்தச் சிறு விசை ஆண்டுக்கணக்கில் தள்ளியதால், சுமார் 425 கிலோ செனானுடன் புறப்பட்ட டான் விண்கலம், வெஸ்டா என்ற சிறுகோள், செரஸ் என்ற குறுங்கோள் ஆகிய இரண்டையும் சுற்றிவரும் பாதைகளுக்குள் சென்றது. சுமக்க வேண்டிய எரிபொருளின் எடை குறைகிறது என்பதால் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களும் இதை நாடுகின்றன. 2017 மே மாதம் ஏவிய ஜிசாட்-9இல் இஸ்ரோவும் இவ்வகை மின் உந்துவிசையைப் பொருத்தியது.

இப்படியோர் எந்திரத்துக்கு உயர் மின்னழுத்தத்தைச் சீராக வழங்குபவர் மின்னணுப் பொறியாளர். அயனிகள் மோதி எந்திரத்தின் உட்சுவர் அரிக்கப்படுவதை ஆராய்பவர் பொருளறிவியலாளர். வெற்றிடக் கலனில் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டிப் பார்ப்பதில் இயந்திரப் பொறியாளருக்குப் பெரும்பங்கு உண்டு. பிளாஸ்மாவின் போக்கைக் கணக்கிடுபவர் இயற்பியலாளர். மகளுக்கு இவற்றுள் எது பிடித்திருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

வானூர்திப் பொறியியல் மட்டுமே இதற்கு வழி என்று யாரேனும் சொன்னால் உடனே முன்பணம் கட்டிவிட வேண்டாம். இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கான அறிவிப்புகளில் பெரும்பாலான இடங்கள் இயந்திரவியல், மின்னணுவியல், கணினி அறிவியல் பட்டதாரிகளுக்கே வருகின்றன. ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல தரவரிசை கிடைத்தால், திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை (ஐ.ஐ.எஸ்.டி.) முதல் விருப்பமாக வைக்கலாம். இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. கணிதமும் இயற்பியலுமே உயிர் என்பவளானால், பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். அந்த வழியில் வருமானம் நிலைபெறப் பத்தாண்டுகள்கூட ஆகலாம்; கல்விக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை மகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் இத்துறையில் நேரடி வேலைகள் குறைவு என்ற தங்கள் அச்சம் நியாயமானதே. ஆகவேதான் என் பரிந்துரை மின்னணுவியல் அல்லது இயந்திரவியல் பக்கம் சாய்கிறது: மின்திறன் மின்னணுவியல் கற்றவருக்கு மின்வாகனத் துறையிலும், வெற்றிடத் தொழில்நுட்பம் அறிந்தவருக்குக் குறைக்கடத்தித் துறையிலும் இடம் உண்டு. கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன் மகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வாருங்கள். அவளுடைய மதிப்பெண்களைப் பார்த்து வரிசையை முடிவு செய்வோம்.