கடைசி பெஞ்ச்

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் எப்போதும் கடைசி பெஞ்ச் பையன்கள் மூன்று பேரோடுதான் சுற்றுகிறான். பேச்சு, நடை, முடிவெட்டு எல்லாம் அவர்களை மாதிரியே ஆகிவிட்டது. வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்த்துப் பிரித்துவிடலாமா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கடைசி பெஞ்சைப் பற்றித் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு இளப்பமாக எழுதலாமா அம்மா? பக்கத்து ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த அப்துல் கலாமையும் கடைசி பெஞ்சுக்குத்தான் அனுப்பினார்கள். முஸ்லிம் பையன், கோயில் குருக்கள் மகன் ராமநாத சாஸ்திரி பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது புதிதாக வந்த ஆசிரியரின் எண்ணம். அப்போது சாஸ்திரி அழுத முகம் கடைசிவரை மறக்கவில்லை என்று கலாமே எழுதியிருக்கிறார். சாஸ்திரியின் அப்பா அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார், அவரும் திருந்தினார். பின்னாளில் சாஸ்திரி கோயில் பொறுப்புக்கு வந்தார். இன்னொரு நண்பர் யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தார். மூன்றாமவர் ரயில்வேயில் உணவு ஒப்பந்தக்காரர் ஆனார். ஒன்றாகத் திரிந்த நால்வரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக ஆகவில்லை.

மார்க் வாரியாகப் பிள்ளைகளை உட்கார வைக்கும் பள்ளிகள் மீது எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர்கள் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்: அது அநியாயம். பதினைந்து வயதுப் பையனுக்கு 'நீ இவ்வளவுதான்' என்று பெஞ்ச் போட்டுக் காட்டுகிறார்கள். இல்லை என்று சொல்ல அவனுக்கு இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் கரையில் கேட்டது இது. விசைப்படகுகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. அப்பாவோடு முதல் தடவை நாட்டுப்படகில் போய்வந்த பையன் ஒருவன், வாந்தி எடுத்து, படகின் முன்பக்கமான அணியத்தில் சுருண்டு கிடந்த கதையைச் சொன்னான். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "அப்புறம் ஏன்டா மறுநாளும் போன?" என்றான். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த மறுநாளிலிருந்து கதையைத் திரும்ப ஆரம்பித்தான், குரலே மாறிவிட்டது. அந்தக் கேள்வியை நீங்களோ நானோ கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

முடிவெட்டுக்கு வருகிறேன். உடையிலும் சாடையிலும் ஒரே மாதிரி ஆவது, 'நான் யார்' என்று தெரியாமல் தடுமாறும் வயதின் தற்காப்பு என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950லேயே எழுதிவிட்டார். முடி வளரும், விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பயம் நியாயம். நண்பர்கள் கூட இருந்தால் இந்த வயதில் ஆபத்தான காரியத்துக்குத் துணிச்சல் கூடும். வண்டி ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து 2005இல் அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அரிச்சல்முனை ரோட்டில் மூன்று பேராக பைக்கில் பறக்கிறார்கள் என்றால் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கும் முன் அந்த மூன்று பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மீன் குழம்பு வையுங்கள். பெயர் கேளுங்கள், மார்க் கேட்காதீர்கள். அதற்குப் பிறகும் பிரிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.