பக்கத்து வீட்டு அன்ரியும் செவ்வாய்க்கிழமைப் பூசையும்: கடிதம்

வணக்கம் ஐயா,

கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள். பக்கத்து வீட்டில் 74 வயது அன்ரி தனியே இருக்கிறா. பிள்ளைகள் ரொறன்ரோவில். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறா. ஒரு வருடமாக இரவுச் சாப்பாடு கொடுப்பது நான்தான். இப்போது பல்பு மாற்ற, பில் கட்ட, சும்மா கதைக்க என்று நாளுக்கு ஐந்தாறு தடவை அழைக்கிறா. போன செவ்வாய் பூசைக்கு வெளிக்கிடும் நேரம் அழைத்தபோது கத்திவிட்டுப் போய்விட்டேன். கோயிலில் செபிக்கவே முடியவில்லை. எனக்கு அன்பே இல்லையா?

வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பு இல்லாதவர் ஒரு வருடம் சோறு கொடுக்கமாட்டார். இல்லாதது ஒழுங்கு.

வேதாகமத்தில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியரைப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், தன் விலங்கில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தார். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். அக்காலத்தில் அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். பிறகு தன் வழியே போனார்! பிரசங்கங்களில் இந்தக் கடைசிப் பகுதி அதிகம் வருவதில்லை. பொறுப்பில் இன்னொருவரைச் சேர்த்ததும் அவருடைய அன்பில் ஒரு பகுதிதான்.

உங்களுக்கும் அந்த இன்னொருவர் வேண்டும். உங்கள் கோயில் பங்கில், இல்லாதவர்களுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் கேளுங்கள். 1833-இல் பாரிசில் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையில் வீடு சந்திக்க இருவராகத்தான் போவார்கள். தனியே சுமப்பவருக்குச் சலிப்பு சீக்கிரம் வரும். காசு கைமாறும் இடத்தில் சாட்சியும் தேவை. வீடு சந்தித்துச் செபிக்கும் மரியாயின் சேனை என்ற பக்திச் சபையினரும் இருவராக வருவார்கள். ஆனால் பொருளுதவி செய்வது அவர்களின் விதிக்குப் புறம்பு, அதை அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். பில், பல்பு போன்றவற்றை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கி, அந்த நாளை அன்ரியின் கலண்டரிலேயே எழுதிவிடுங்கள். எப்போது வருவீர்கள் என்று தெரியாதவர்தான் அடிக்கடி அழைப்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தளர்வு கூடாது. பின்னேர ஊசி போட்டபின் சாப்பாடு பிந்தினால் சீனி சட்டென்று இறங்கும்: வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், காரணமில்லாமல் எரிச்சலும் வரும். அந்த 'சும்மா' அழைப்புகளில் ஒன்றிரண்டு இதுவாகவும் இருக்கலாம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எட்டு மணிக்குத்தான் வர முடியும் என்றால் எட்டு என்றே சொல்லுங்கள். ஏழு என்று சொல்லிவிட்டுப் பிந்துவதுதான் ஆபத்து. அளவையும் கேட்டுக் கொடுங்கள். ஐந்து இடியப்பம் சாப்பிடுகிறவருக்குப் பத்து அனுப்பினால் மிச்சம் மறுநாள் பழசாகி வயிற்றுக்குள் போகும்.

கத்தியதற்கு இன்றே போய் மன்னிப்புக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை கத்தினது என்ர பிழை, அன்ரி" என்பது போதும். "நீங்களும் அந்த நேரம் பார்த்து..." என்று இழுத்தால் அது வழக்காகிவிடும். கையில் கேக், பழம் எதுவும் வேண்டாம். வயதானவர் அதற்கு ஈடு செய்ய வேண்டுமே என்று தவிப்பார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு உறவு சரிசெய் என்கிறது மத்தேயு 5. கொச்சிக்கடையில் செவ்வாய் முழுக்கச் சனம் வந்துபோகும். ஒரு பூசை தவறினால் அடுத்ததற்குப் போகலாம்.

செபத்தில் "அன்ரி மேல் எரிச்சலாக இருக்கிறது" என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடியவர் இதைவிடக் கடுமையாகவே முறையிட்டிருக்கிறார்.

பிள்ளைகளிடமும் கதையுங்கள், குற்றம் சாட்டாமல். இங்கே இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை. ஒருவர் தினமும் அந்த நேரம் அழைத்து, ஊசி போட்டாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் உங்களுக்கு வரும் அழைப்புகள் தானாகக் குறையும்.