கோடும் கோடும் சேர்ந்த இடம் பிளஸ்: வாசகர் கேள்வி பதில்

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே வாசனை. தடை செய்த தொழில்நுட்பத்தைச் சாதாரணச் சனம் ஒளித்துப் பழகுகிற கதைகள். யார் தொடக்கி வைத்தார்களோ தெரியாது, நல்ல விஷயம்தான்.

கேள்வி: 2190இல் நடக்கும் கதை எழுதுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் உண்டாக்குவதே குற்றம். மீன் விற்கும் ஒரு அம்மா ஒருவருக்கும் தெரியாமல் றேடியோ இயக்கப் பழகுகிறார். பள்ளிக்கூடமே போகாதவர் இதெல்லாம் எப்படிப் பழகுவார், அவரை விஞ்ஞானி ஆக்கு என்கிறார் எங்கள் ஆசிரியர். மாற்றவா? (உயர்தர மாணவி, கோப்பாய்)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. ஆசிரியரிடம் கோபிக்காமல், 1990க்குப் பிறகு இங்கே இருந்தவர்கள் யாரிடமாவது கேட்கச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றுவிட்டது, பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை என்று ஒவ்வொன்றாக அரசின் போர்க்காலத் தடைப் பட்டியலில் ஏறியது, அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சில்லில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றி பி.பி.சி. தமிழோசை கேட்டவர்களில் எத்தனை பேர் விஞ்ஞானிகள்? சுற்றுகிற வேலை பெரும்பாலும் வீட்டில் இளையவனுடையது. அவன் களைத்தால் செய்தியும் களைக்கும்.

டைனமோவிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்டம், றேடியோ கேட்பது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம், அப்படியே கொடுத்தால் வேலை செய்யாது, பழுதாகவும் கூடும். நடுவில், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோட் நாலை நாலு மூலைச் சதுரமாக, பாலச் சுற்றாகக் கட்ட வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் அம்புக்குறி, அரை அலை, முழு அலை என்று இரண்டு பக்கம் போகும். கையால் செய்கிறவருக்கு மூன்று வரி போதும். டயோட்டின் ஒரு தலையில் கோடு இருக்கும், கோடும் கோடும் சேர்ந்த இடம் பிளஸ், வெறுந்தலையும் வெறுந்தலையும் சேர்ந்த இடம் மைனஸ், மிச்சமுள்ள இரண்டு மூலையும் டைனமோவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதை ஒரு பின்னேரத்தில் மனதில் ஏற்றிவிடுவார். பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் குறுக்கே, மின்னைச் சேர்த்து வைத்துச் சீராக விடுகிற ஒரு கொள்ளளவி வைக்காவிட்டால் றேடியோ 'ம்ம்ம்' என்று இரையும், அந்தக் கொள்ளளவியைத் தலைகீழாகப் பூட்டினால் சூடேறிப் பட்டென்று வெடிக்கும். பார்த்தீர்களா, உங்கள் கதையின் பயம் இங்கேதான் இருக்கிறது! தடை உள்ள ஊரில் அந்த 'பட்' சத்தம் வேலிக்கு அப்பால் யாருக்குக் கேட்டது? உங்கள் பிரதியில் அவர் றேடியோவை ஒரே இரவில், ஒரு பந்தியில் செய்து முடித்துவிடுகிறார். அந்தப் பந்தியைக் கிழித்துவிட்டு ஆறு பக்கம் எழுதுங்கள். டயோட் எங்கிருந்து வந்தது, யாருடைய பழுதான ரிவியைக் கழற்றினார்கள், சொல்லிக் கொடுத்தவர் ஏன் சொல்லிக் கொடுத்தார், மீன் கூடைக்குள் எதை வைத்துக்கொண்டு போனார், எல்லாம் வரட்டும்.

கேள்வி: தடைக்கு ஒரு காரணம் வேண்டுமே. கொடுங்கோல் அரசு என்று எழுதினால் சலிப்பாக இருக்கிறது. (பருத்தித்துறை வாசகர்)

பதில்: எனக்கும் சலிப்புத்தான். தடை போட்டவர்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைத்ததே இல்லை, அவர்களுக்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். பாதுகாப்பு, வியாபாரம், ஏதோ ஒன்று. இங்கிலாந்து தன் நெசவு இயந்திரங்கள் வெளிநாடு போகக்கூடாது என்று சட்டம் போட்டது, அவற்றை இயக்கத் தெரிந்த தொழிலாளிகளையும் வெளியே போக விடவில்லை. அந்த நிலையில் 1789இல் சாமுவேல் ஸ்லேற்றர் என்ற இளைஞர் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். நூற்பு ஆலையில் தொழில் பழகியவர், பெட்டியில் ஒரு வரைபடமும் இல்லை, எல்லாம் தலைக்குள். அடுத்த ஆண்டே அங்குள்ள தச்சர், கொல்லருடைய உதவியோடு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

இன்னொன்று நம் காலத்திலேயே நடந்தது. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கும் மென்பொருளை அமெரிக்கா ஒரு காலத்தில் ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. பில் சிம்மர்மான் 1991இல் வெளியிட்ட பிஜிபி என்ற மென்பொருள் நாட்டை விட்டு வெளியே பரவிவிட்டது என்று அவர் மீது விசாரணை நடந்தது. 1995இல் அதன் நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சடித்தார்கள். புத்தகத்தை ஏற்றுமதி செய்ய யார் தடை போடுவது? வாங்கியவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து திரும்பவும் மென்பொருளாக்கலாம். பட்டியல் போடுகிறவர்கள் பொருளைத்தான் எழுதுவார்கள், அது வேறு உருவத்தில் போனால் அவர்களுக்குப் பிடிபடாது. ஆகவே அரசனை விட்டுவிட்டு, சோதனைச் சாவடியில் பட்டியலை வைத்துக்கொண்டு 'இது அதில் இருக்கா, இல்லையா' என்று முழிக்கிற சின்ன உத்தியோகத்தரை எழுதுங்கள், சலிப்புப் போய்விடும்.

கேள்வி: நாயகனுக்குப் பழைய உலகத்தின் முழு நூலகமும் ஒரு சிப்பில் கிடைக்கிறது. சரியா? (சாவகச்சேரி)

பதில்: சரியில்லை. எல்லாம் கிடைத்துவிட்டால் பிறகு என்ன கதை? ஒரு கிழிந்த பக்கம் கொடுங்கள், அதில் பாதி கறையான் தின்றிருக்கட்டும். இரண்டாம் உலகப் போரில், 1944இல் இத்தாலியின் அன்சியோவில் கிடந்த படைவீரர்கள் சவர பிளேட், பென்சில் கரி, ஒரு ஊசி, கம்பிச் சுருள் இவற்றை வைத்து பற்றரியே இல்லாத றேடியோ செய்து ஹெட்போனில் பாட்டுக் கேட்டார்கள். எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். ஆனால் பிளேட்டில் எந்தப் புள்ளியில் கரி முனை பட்டால் சத்தம் வரும் என்பதை எந்தத் தாளும் சொல்லாது, தடவித் தடவித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் பட்ட கஷ்டத்தை எடுத்து விளையாட்டுக் கதையாக்குகிறீர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு அது சாகசம் இல்லை. (ஓய்வுபெற்ற ஒருவர், மானிப்பாய்)

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. 'எங்கள் சனத்தின் கெட்டித்தனம்' என்று மார்தட்டுகிற கதைகளைப் படிக்கும்போது எனக்கும் எரிச்சல் வரும். மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினது கெட்டித்தனம்தான், ஆனால் அந்த வெள்ளைப் புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்களும் இருக்கிறார்களே. மருந்து வராமல் போனதற்கு எந்தக் கெட்டித்தனமும் உதவவில்லை. அதனால் எழுத வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான், தோற்றதையும் எழுதுங்கள். செத்துப்போன பற்றரியில் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டால் கொஞ்சம் உயிர் வரும், பிறகு கசிந்து றேடியோவின் தகடுகள் பச்சை பிடித்துப் போகும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் செய்தியே இல்லை. அந்த வீட்டையும் கதைக்குள் கொண்டு வாருங்கள். எழுதவே கூடாது என்றால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் காலமும் 2190உம் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

கேள்வி: இரகசியப் பட்டறையை மலைக்குகையில் வைத்திருக்கிறேன். நண்பன் சிரிக்கிறான். (சுன்னாகம்)

பதில்: சிரிக்காமல் என்ன செய்வான், யாழ்ப்பாணத்தில் மலை எங்கே தம்பி? சுண்ணாம்புக் கல்லில் தட்டையாகக் கிடக்கிற ஊர் இது. கீரிமலையின் பெயரை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஒளிக்க வேண்டியது இடத்தை விடச் சத்தத்தையும் மணத்தையும். சோல்டர் பண்ணும்போது வருகிற ரெசின் புகைக்கு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நல்ல மறைப்பு, அதுவும் பிசின், இதுவும் பிசின். தட்டுகிற வேலை எல்லாவற்றையும் கோயில் திருவிழாவுக்கு ஒதுக்கிவிடுங்கள், நல்லூரில் இருபத்தைந்து நாள் கிடைக்கும், தவில் பார்த்துக்கொள்ளும். நிலாவரைக் கிணற்றுக்குள் இறக்கி ஒளிக்கிற யோசனையையும் எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர், இரண்டாம் அத்தியாயம் வருவதற்குள் இயந்திரம் துருப்பிடித்துவிடும்.