அட்மிஷன் மறுத்துவிட்டார்கள்: காரணம் கேட்டு எப்படி எழுதுவது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கோ பிஎச்டிக்கோ விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வந்தால், அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு இரண்டே பத்தியில் "வருந்துகிறோம்" என்று வந்து நின்றால், "ஏன்?" என்று கேட்கக் கை பரபரக்கத்தான் செய்யும். கேட்கலாம், தவறே இல்லை. மரியாதையாகக் கேட்டவர் என்பதற்காக அடுத்த ஆண்டு யாரும் உங்களை ஒதுக்கப்போவதில்லை. ஆனால் எப்போது கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எதிர்ப்பக்கத்து நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சில பேராசிரியர்கள் சேர்ந்த ஒரு குழு, தங்கள் வகுப்புகளுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே, சில வாரங்களில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படித்து முடிக்கிறது. உங்கள் கோப்பில் அவர்கள் எழுதி வைத்தது ஒரு மதிப்பெண்ணும் ஒரு வரிக் குறிப்பும் மட்டுமே என்றிருக்கலாம். அதோடு இது தேர்வில் பாஸ், ஃபெயில் போடுகிற வேலை அல்ல. பத்து இடத்துக்கு நாற்பது தகுதியானவர்கள் வந்தால் முப்பது பேரை விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த முப்பது பேரின் விண்ணப்பத்தில் இதுதான் குறை என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இன்னொன்று, எழுத்தில் ஒரு காரணம் கொடுத்தால் அதை வைத்தே யாராவது வாதத்துக்கு வருவார்கள் என்ற தயக்கம். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் "தனிப்பட்ட விளக்கம் தருவதில்லை" என்று அட்மிஷன் பக்கத்திலேயே போட்டுவிடுகின்றன. மறுப்புக் கடிதத்தின் கடைசி வரிகளையும் கேள்வி-பதில் பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். தர மாட்டோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அலுவலகத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். விளக்கம் கேட்க ஒரு படிவமும் கெடு தேதியும் கொடுத்திருந்தால் அதே வழியில், அந்தத் தேதிக்குள் கேளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்குக் காத்திருக்கவே கூடாது. நீங்கள் அனுப்பிய ஆவணம் வந்து சேரவில்லை என்று பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப இணையதளமான போர்ட்டலில் காட்டுகிறதா? மூன்று பரிந்துரைக் கடிதங்களில் இரண்டுதான் பதிவாகியிருக்கிறதா? டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) அல்லது ஜிஆர்இ (பட்டமேற்படிப்புக்கான தகுதித் தேர்வு) மதிப்பெண் உங்கள் விண்ணப்பத்தோடு இணையாமல் நிற்கிறதா? இது நடைமுறைக் கோளாறு. அன்றைக்கே அட்மிஷன் அலுவலகத்துக்கு, அனுப்பியதற்கான ரசீதோடு எழுதுங்கள். தவறு அவர்கள் பக்கம் என்றால் கோப்பைத் திறந்து மறுபடி பார்க்க வாய்ப்புண்டு. முறையீடு என்று எதையாவது ஏற்பார்கள் என்றால் பொதுவாக இந்த மாதிரி நடைமுறைத் தவறுகளைத்தான். "என் ஆராய்ச்சித் திட்டம் நன்றாகத்தானே இருந்தது" என்ற கல்வி சார்ந்த மதிப்பீட்டின் மேல் முறையீடு எடுபடாது. போர்ட்டல் மூடப்படுவதற்கு முன்பே அதன் எல்லாப் பக்கங்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் பின்னால் உதவும்.

மற்றபடி பொறுமை வேண்டும். அமெரிக்காவில் பட்டமேற்படிப்பு தரும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் கிடைத்த மாணவரை ஏப்ரல் 15-க்கு முன்னால் முடிவு சொல்லும்படி வற்புறுத்துவதில்லை. அந்தத் தேதிவரை வெயிட்லிஸ்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். துறையில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஏப்ரல் கடைசி வாரமோ மே மாதத் தொடக்கமோ எழுதினால் உங்கள் கடிதத்தைப் படிக்க ஆள் இருப்பார்கள். ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டாலும் ஆபத்துதான்: குழு மாறியிருக்கும், படித்தவர்களுக்கு உங்கள் விண்ணப்பம் மறந்திருக்கும். இந்தக் காலண்டர் பொருந்தாத நாடுகளில் முடிவு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து எழுதுங்கள். வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் இப்போது குறை கேட்டு எழுத வேண்டாம். உங்கள் முடிவு இன்னும் வரவில்லை. ஆர்வம் தொடர்கிறது என்றும், விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தது இது என்றும் சொல்லும் கடிதம்தான் உங்களுக்குத் தேவை.

யாரிடம் கேட்பது? பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவான கிராஜுவேட் ஸ்கூல் (பட்டமேற்படிப்பு) அலுவலகம் பெரும்பாலும் ஆவணங்களைச் சரிபார்க்கும் இடம். முடிவெடுப்பது துறை. துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் அலுவலகப் பணியாளர். உங்கள் கோப்பு முழுமையாக இருந்ததா, யாரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கல்வி சார்ந்த காரணத்தைச் சொல்லக்கூடியவர் அட்மிஷன் குழுத் தலைவரோ பட்டமேற்படிப்பு இயக்குநரோதான். ஆராய்ச்சி மேற்பார்வையாளரே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறை உள்ள இடங்களில், முன்பே உங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த பேராசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். இண்டர்வியூ வரை போய் நின்றவர்களுக்குத்தான் நல்ல பதில் கிடைக்க அதிக வாய்ப்பு. முகம் பார்த்துப் பேசியவருக்கு உங்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். ஐந்து பேரை ஒரே மடலில் சேர்த்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஐவரும் விட்டுவிடுவார்கள். எட்டு இடத்தில் மறுப்பு வந்திருந்தால் எட்டுக்கும் எழுத வேண்டாம். இண்டர்வியூ நடந்த இடம், அடுத்த ஆண்டும் நிச்சயம் போட நினைக்கும் இடம் என்று இரண்டு அல்லது மூன்று போதும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. பிள்ளை சோர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று புரிகிறது. ஆனாலும் நீங்கள் எழுதாதீர்கள், போன் செய்யாதீர்கள். விண்ணப்பித்தவர் வயதுவந்தவர், அவர் கோப்பைப் பற்றி வேறொருவரிடம் பேசப் பல்கலைக்கழகத்தாருக்குப் பெரும்பாலும் அனுமதியே கிடையாது. சுயமாக ஆராய்ச்சி செய்ய வருகிற ஒருவருக்காக வீட்டார் பேசினால் அது பிள்ளைக்கு எதிராகவே போகும். ஏஜென்ட் முகவரியிலிருந்து எழுதுவதும் இதே கதைதான். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலிலிருந்து மாணவரே எழுதட்டும். எழுதியதை அனுப்பும் முன் ஒருமுறை படித்து, கோபம் தெரிகிற வரியைச் சுட்டிக்காட்டுங்கள். அது பெரிய உதவி.

எழுதும் முன் சொந்தக் கோப்பை நீங்களே ஒரு முறை துருவிப் பாருங்கள். பதிலே வராவிட்டாலும் இது கைகொடுக்கும். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்து பகுதி மதிப்பெண்ணில் தவறவிடுபவர்கள் உண்டு: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7 வாங்கியிருப்பார், எழுத்துப் பகுதியில் 6 இருக்கும், அந்தத் துறை ஒவ்வொரு பகுதியிலும் 6.5 கேட்டிருக்கும். அடுத்து, நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியர்கள். அவர் ஓய்வு பெற்றாரா, வேறு பல்கலைக்கழகம் போனாரா, இந்த ஆண்டு மாணவர் எடுக்கவில்லை என்று தன் பக்கத்தில் போட்டிருந்தாரா? அப்படியென்றால் உங்கள் தகுதிக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

பிறகு எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று நீங்கள் எழுதி அனுப்பிய நோக்க அறிக்கை. அச்சடித்து, கையில் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேறொரு இடத்துக்கு அப்படியே அனுப்பக்கூடிய வாக்கியங்களுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். "சிறுவயதிலிருந்தே இந்தத் துறையில் எனக்குத் தீராத ஆர்வம்", "உங்கள் உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்களிடம் கற்க விரும்புகிறேன்" இரண்டுக்கும் கோடு விழும். "என் இளங்கலை ப்ராஜெக்டில் மாதிரிகள் குறைவாக இருந்தபோது முடிவுகள் நிலையாக வரவில்லை, அந்தச் சிக்கலைத்தான் இந்தப் பேராசிரியரின் குழு வேறு கோணத்தில் அணுகுகிறது" என்ற வரிக்குக் கோடு விழாது. பக்கத்தில் பாதிக்கு மேல் கோடாக இருந்தால், நீங்கள் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது கடிதம். நூற்றைம்பது சொல்லுக்கு மேல் போக வேண்டாம். தலைப்பில் படிப்பின் பெயர், சேர்க்கை ஆண்டு, விண்ணப்ப எண் மூன்றும் இருக்கட்டும். உள்ளே இப்படிப் போகலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, என் பிஎச்டி விண்ணப்பத்தைப் பரிசீலித்ததற்கு நன்றி. முடிவை ஏற்றுக்கொள்கிறேன், மறுபரிசீலனை கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சி அனுபவத்தைக் கூட்டுவதா, புள்ளியியலில் மேலும் பாடங்கள் எடுப்பதா, எதில் கவனம் வைத்தால் என் விண்ணப்பம் வலுப்படும் என்று தாங்கள் கருதுகிறீர்கள்? என் ஆர்வம் தங்கள் துறையின் ஆராய்ச்சிப் போக்கோடு பொருந்துகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன். ஓரிரு வரிகள் போதும். துறையின் விதிப்படி பதில் தர இயலாது என்றால் புரிந்துகொள்வேன்."

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். "ஏன் மறுத்தீர்கள்" என்ற கேள்வியே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் தன் முடிவை நியாயப்படுத்த வேண்டியிருக்கும். "இனி என்ன செய்யலாம்" என்றால் ஆசிரியராக ஆலோசனை சொன்னால் போதும். முதல் வரிகளிலேயே மறுபரிசீலனை கேட்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. கேள்வி குறிப்பாக இருக்கிறது: இரண்டு வழியைக் காட்டி எது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் தட்டிவிடலாம். "என் விண்ணப்பத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன" என்று பொதுவாகக் கேட்டால் கோப்பைத் தேடி எடுத்து முழுதும் படிக்க வேண்டும், யாருக்கு நேரம்? என்னைவிட மதிப்பெண் குறைந்தவருக்குக் கிடைத்ததே என்ற பேச்சை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அவருடைய பரிந்துரைக் கடிதத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்த பிறகு யாரும் மனம் திறந்து பேசவும் மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மடலின் கீழ் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பதில் வந்தால் படிக்கத் தெரிய வேண்டும். "இந்த ஆண்டு போட்டி மிகக் கடுமை" என்பது எல்லோருக்கும் போகிற வரி, அதிலிருந்து எதையும் தோண்டி எடுக்காதீர்கள். "பொருத்தம் போதவில்லை" என்றால் மதிப்பெண்ணை உயர்த்திப் பயனில்லை. உங்கள் ஆராய்ச்சிக் கேள்வியில் வேலை செய்பவர்கள் அங்கே இல்லை அல்லது இருப்பதை உங்கள் எஸ்ஓபி காட்டவில்லை. அதே எஸ்ஓபியை மெருகேற்றி அங்கேயே அனுப்புவதைவிட, உங்கள் துறைக் கட்டுரைகளை எழுதுபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டியலையே மாற்றுவது மேல் என்பது எங்கள் கருத்து. "முன்தயாரிப்பு" என்ற சொல் வந்தால் அடிப்படைப் பாடங்களில் இடைவெளி: எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து மதிப்பெண் சான்றோடு படியுங்கள். "ஆராய்ச்சி அனுபவம்" என்றால் சான்றிதழ் வகுப்புகள் ஈடாகாது. ஒரு ஆய்வகத்திலோ ப்ராஜெக்டிலோ சில மாதம் ஊன்றி உழைத்து, அதைப் பற்றி எழுதக்கூடிய ஒரு மேற்பார்வையாளரைப் பெற வேண்டும். நிதி இல்லை, இடம் இல்லை என்று வந்தால் அதை நம்புங்கள், அது ஆறுதல் வார்த்தையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. எதுவாக இருந்தாலும் இரண்டு வரி நன்றி மட்டும் எழுதுங்கள். "ஆனால் என் ப்ராஜெக்டில்..." என்று தொடங்கினால் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும்.

சட்ட உரிமையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளில் 15-வது பிரிவு, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கும் உரிமையைத் தருகிறது; பிரிட்டனிலும் அதே உரிமை உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ரகசியமாக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதங்களுக்குப் பிரிட்டனில் விலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளைப் பார்க்க உரிமை தரும் ஃபெர்பா சட்டம், அங்கே சேர்ந்து படித்தவர்களுக்குத்தான். இடம் கிடைக்காத விண்ணப்பதாரருக்குப் பொருந்தாது. இந்த வழியில் போனால் கிடைப்பது குறிப்புத் தாள்களும் மதிப்பெண்களும். ஆலோசனை கிடைக்காது. பாகுபாடு நடந்தது என்று உண்மையான சந்தேகம் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆலோசனை கேட்கும் கடிதத்தில் மட்டும் சட்டப்பிரிவை எழுதாதீர்கள், மிரட்டலாகவே படும்.

பல்கலைக்கழகத்திடம் கேட்பதில் இவ்வளவு மும்முரமாக இருந்துவிட்டு, பரிந்துரைக் கடிதம் எழுதிய சொந்த ஆசிரியர்களை மறந்துவிடுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு எந்தச் சட்டத் தயக்கமும் இல்லை, உங்களை நேரில் தெரியும், சிலர் வேறு இடங்களில் அட்மிஷன் குழுவில் உட்கார்ந்தவர்கள். முடிவு வந்ததும் அவர்களுக்குத் தெரிவித்து நன்றி சொல்லுங்கள். பின்பு எஸ்ஓபியையும் போட்ட இடங்களின் பட்டியலையும் கொடுத்து, "ஐயா, குழுவில் நீங்கள் இருந்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். கடிதம் எப்படி எழுதினீர்கள் என்று துருவ வேண்டாம். "அடுத்த முறை இன்னும் விரிவாக எழுத என்னிடமிருந்து என்ன விவரம் தேவைப்படும்?" என்று கேட்டால், கடிதம் வெறும் "வகுப்பில் நன்றாகப் படித்தார்" என்ற அளவில் நின்றதா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். அப்படி நின்றிருந்தால், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த வேறொருவரை மூன்று கடிதங்களில் ஒன்றுக்காவது பிடிக்க வேண்டும். விண்ணப்பக் கெடு டிசம்பரில் என்றால் அவரிடம் சேர்ந்து வேலை செய்ய மே மாதமே தொடங்கினால்தான் அவர் எழுத விஷயம் இருக்கும்.