பழைய கார், புதிய கருவிகள்: வயரிங் கேள்வி-பதில்

1960களின் கார். 55 வாட் ஃபாக் லைட் இரண்டு மாட்டி, ஹெட்லைட் சுவிட்சிலிருந்தே வயர் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் சுடுகிறது. பெரிய பியூஸ் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. தயவுசெய்து போடவே போடாதீர்கள். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்குவதைவிடப் பெரிய பியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது பியூஸ் அப்படியே இருக்கும், வயர்தான் எரியும்.

110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வருகிறது. ஹெட்லைட்டையே சிரமப்பட்டுச் சுமக்கும் பழைய சுவிட்சின் மேல் இதையும் ஏற்றியிருக்கிறீர்கள். அதிலும் அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது. ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை.

ரிலே போடுங்கள், அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து 2 சதுர மி.மீ. வயர், 15 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு வரட்டும். 87இலிருந்து விளக்குகளுக்கு. சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர் 86க்கு, 85 எர்த்துக்கு, அதாவது காரின் பாடிக்கு. இனி சுவிட்ச் சுமக்க வேண்டியது ரிலே காயிலின் மின்சாரம் மட்டும். அது கால் ஆம்பியர்கூட இருக்காது. பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, அது ஒரு சாணுக்குள் முடிந்தால் நல்லது. தகட்டைத் துளைத்து வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

என் பிரிட்டிஷ் காரின் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருக்கிறது. புதிதாக 35 ஆம்பியர் பியூஸ் வாங்கிப் போடலாமா?

இது பலர் விழும் குழி. லூகாஸ் (பிரிட்டிஷ் கார்களுக்கு மின் சாமான் செய்த கம்பெனி) பியூஸில் உள்ள 35, எத்தனை ஆம்பியரில் அது உருகும் என்ற கணக்கு. தொடர்ந்து தாங்கக்கூடியது 17 ஆம்பியர்தான். இன்று விற்கும் பெரும்பாலான பியூஸ்களில் அச்சிடுவதோ, தொடர்ந்து தாங்கும் அளவு. 35ஐப் பார்த்து 35 வாங்கினால் பாதுகாப்பு பாதியாகிவிடும். 17 தொடர், 35 உருகும் என்று இரண்டு எண்ணும் போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பாசிட்டிவ் எர்த் கார். போன் சார்ஜர் சாக்கெட் வைக்க ஆசை. ஆபத்தா?

யோசிக்காமல் வைத்தால் ஆபத்துதான். சாதாரண சாக்கெட்டின் வெளி உலோகம் நெகட்டிவ். உங்கள் காரிலோ பாடி முழுக்க பாசிட்டிவ். சாக்கெட்டை அப்படியே டேஷ்போர்டு தகட்டில் மாட்டினால் சார்ஜருக்கு மின்சாரம் தலைகீழாகப் போகும், சார்ஜர் போய்விடும். சரி, வயரை மாற்றிக் கொடுப்போம் என்று மாற்றினால் வெளி உலோகம் நெகட்டிவ் ஆகி, தகட்டைத் தொட்ட நொடியே முழு ஷார்ட்.

வழி இருக்கிறது. உடல் முழுக்க பிளாஸ்டிக்காக உள்ள சாக்கெட்டை எடுத்து, இரண்டு வயரையும் தனித்தனியாக இழுங்கள். பியூஸ், பாடியோடு சேராத நெகட்டிவ் வயரில் இருக்க வேண்டும். அதோடு வேலை முடியவில்லை. சார்ஜில் இருக்கும் போனை ஒரு கேபிளால் ரேடியோவோடு இணைத்தால், அந்தக் கேபிளின் எர்த் வழியாகவே ஷார்ட் வரலாம். உள்ளீடும் வெளியீடும் மின் தொடர்பில்லாமல் பிரிக்கப்பட்ட கன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்கள் 1967 வாக்கில் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. நீங்களும் மாற்றலாம், ஆனால் பேட்டரியைத் திருப்பி வைப்பது மட்டும் போதாது. டைனமோவை (இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் கருவி) புதிய திசைக்கு ஏற்ப மறுபடி துருவப்படுத்த வேண்டும், இக்னிஷன் காயில் வயர்களும் அம்மீட்டர் வயர்களும் இடம் மாற வேண்டும். காரில் உள்ள எலக்ட்ரானிக் சாமான் ஒவ்வொன்றையும் முதலில் கழற்றி வையுங்கள்.

டைனமோ உள்ள காரில் எவ்வளவு லோடு ஏற்றலாம்?

கொஞ்சம்தான். லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் தருவது 22 ஆம்பியர், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போய்விடும். முதலில் எல்.இ.டி. பின்விளக்குகள் போட்டு லோடைக் குறையுங்கள். இண்டிகேட்டரிலும் எல்.இ.டி. போட்டால் பழைய ஃபிளாஷர் ஒழுங்காக மினுக்காது, அதையும் மாற்ற வேண்டும்.

டைனமோவுக்குப் பதிலாகப் பெரிய ஆல்டர்னேட்டர் போட்டேன். பழைய 30 ஆம்பியர் அம்மீட்டர் அப்படியே இருக்கலாமா?

கூடாது, 30 ஆம்பியருக்கு மேல் போனால் மீட்டர் தாங்காது. பேட்டரிக்குத் திரும்பும் சார்ஜ் முழுவதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த மீட்டருக்குள் புகுந்துதான் போகிறது, அதுவும் பெரும்பாலும் பியூஸ் இல்லாமல். பேட்டரி முனையிலிருந்து எடுக்கும் ஃபாக் லைட் மின்சாரமும், இன்ஜின் ஓடும்போது இதே வழியாகத்தான் வரும். வோல்ட்மீட்டருக்கு மாறுவதுதான் என் பரிந்துரை. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் நன்றாக இருக்கிறது.

வயரை வெட்டாமல் மேலேயே கவ்விப் பிடிக்கும் கனெக்டர்கள் எப்படி?

வேண்டாம். அவை சில இழைகளை அறுத்துவிடும், ஈரம் புகுந்து பச்சை பூக்கும். சரியான டூலால் அழுத்திய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை), மேலே சுருங்கும் ஸ்லீவ், அவ்வளவுதான். ஈயப்பற்று வைத்தால் பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் ஒடியும், அதனால் பக்கத்திலேயே கிளிப் போட்டுத் தாங்கிக் கொடுங்கள்.

மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டினேன். இக்னிஷனிலிருந்து நேராக வயர் கொடுத்திருக்கிறேன். போதுமா?

போதாது. நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். பழைய பம்ப் இன்ஜின் நின்றதும் தானாக நின்றுவிடும். புதியது சாவி ஆனில் இருக்கும்வரை ஓடும். மோதலில் குழாய் கிழிந்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதிர்ச்சியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சை, கைக்கு எட்டும் இடத்தில், செங்குத்தாக, உறுதியான தகட்டில் பொருத்துங்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகவும் ரிலேயைக் கட்டுப்படுத்தினால், இன்ஜின் எந்தக் காரணத்தால் நின்றாலும் பம்ப் நிற்கும். ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் இருக்காது என்பதால், ஸ்டார்ட்டர் முனையிலிருந்து ஒரு தனி வழி கொடுக்க வேண்டும். அந்த வழியில், மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு வைக்காவிட்டால் மின்சாரம் திரும்பிப் போய் ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பார்க்கும். இது முடியும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.