வாசகர் கேள்வி-பதில்: சிங்கப்பூரிலிருந்து வந்த வாரத் தந்தி

கேள்வி: என் தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனபோது, ஊருக்குள் விடாமல் சில நாள் ஒரு தீவில் வைத்திருந்தார்களாம். உலக சுகாதார நிறுவனம் பிறந்ததோ 1948-இல். அதற்கு முன்பு எந்தத் துறைமுகத்தில் என்ன நோய் பரவுகிறது என்பதை நாடுகள் எப்படித் தெரிந்துகொண்டன? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: அந்தத் தீவு பெரும்பாலும் ஜெரெஜாக்காக இருக்கும், பினாங்கின் குவாரண்டைன் நிலையம் அங்கேதான் இருந்தது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி வராது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு, மூட்டை முடிச்சுகளோடு படகில் போய்த்தான் ஏற வேண்டும். அப்படி ஏறி மேல்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து வந்தவர்களில் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால், உடன் வந்த அத்தனை பேரும் தீவில் காத்திருக்க நேரும்.

பாரிஸில் 1907 முதல் ஒரு சர்வதேசச் சுகாதார அலுவலகம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆசியத் துறைமுகங்களின் செய்தி அதன் வழியாகச் சுற்றி வருவதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடும். முதல் உலகப் போர் முடிந்த கையோடு போலந்திலும் ரஷ்யாவிலும் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, நாடுகள் கூடிப் பேச அப்போது புதிதாகத் தோன்றிய சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) தனக்கென ஒரு சுகாதார அமைப்பை உருவாக்கியது. லுட்விக் ராய்க்மன் என்ற போலந்து மருத்துவர் 1921 முதல் 1939 வரை அதற்குத் தலைமை தாங்கினார். முன்பு இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் வைட், கீழைத் துறைமுகங்களை நேரில் சுற்றிப் பார்த்து அறிக்கை தந்தார். அதன் பிறகு 1925 மார்ச்சில் சிங்கப்பூரில் ஒரு நோய்ச் செய்தி அலுவலகம் திறக்கப்பட்டது. அமெரிக்க அரசு சங்கத்தில் சேரவே இல்லை. ஆயினும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இந்த அலுவலகத்துக்குப் பணம் கொடுத்தது.

வேலை நடந்த விதம் எளிமையானது. ஒவ்வொரு துறைமுகமும் அந்த வாரத்தில் பிளேக், காலரா, பெரியம்மை கண்டவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று சிங்கப்பூருக்குத் தந்தி அடிக்கும். தந்திக்குச் சொல் கணக்கில் காசு என்பதால், ஒரு முழு வாக்கியத்தின் பொருளை ஒரே குறிச்சொல்லில் அடக்கும் சங்கேத முறையை வகுத்தார்கள். சிங்கப்பூர் அலுவலகம் அவற்றைத் தொகுத்து, வாரந்தோறும் வானொலி வழியாகவும் அறிவித்தது. இதனால், வரும் கப்பல் எந்த ஊர்க் காற்றைச் சுமந்து வருகிறது என்பது துறைமுக மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. நோயில்லாத ஊரிலிருந்து வந்தவர்களை வீணாக மறிக்க வேண்டிய தேவையும் குறைந்தது. இரு போர்களுக்கும் இடையே நாடுகள் கூடிச் செய்த காரியங்களில் இதையே மிகப் பெரியதாக நான் மதிக்கிறேன். ஒன்றையொன்று நம்பாத அரசுகள்கூடத் தங்கள் ஊர்ச் சாவுக் கணக்கை மறைக்காமல் வாரம் தவறாது அனுப்பப் பழகியது சாதாரணமன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதோடு அங்கே அந்த அலுவலகத்தின் வேலை நின்றது. ஜெனீவாவில் 1926-இல் சங்கம் தொடங்கிய வாராந்தர நோய் அறிக்கை மட்டும் இன்றும் வெளிவருகிறது.

கேள்வி: புதாற்றில் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் முறைக்காய்ச்சல் (மலேரியா) பெருகியது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: உண்மைதான். 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, நீங்கள் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் வழியாக உங்கள் வட்டாரத்துக்குப் பாசனம் வந்தது. கரை போட மண் வெட்டிய குழிகளிலும், கசிவு நீர் தேங்கிய பள்ளங்களிலும் மலேரியாக் கொசு முட்டையிட்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய பால் ரஸ்ஸல் என்ற மருத்துவர் அங்கேயே தங்கி ஆராய்ந்து, தண்ணீரைக் காட்டிலும் ஒழுங்கற்ற பாசன வேலையே குற்றவாளி என்று எழுதினார். வீடுகளில் பைரித்ரம் மருந்து தெளித்துக் கொசுக்களைக் கொல்லும் முறையையும் சோதித்துப் பார்த்தார். சர்வதேச சங்கம் 1937-இல் ஜாவாவின் பாண்டுங்கில் கூட்டிய கிராம சுகாதார மாநாட்டிலும் மலேரியா ஒரு முக்கியப் பொருளாக இருந்தது. உங்கள் ஊரில் அந்தக் குழிகள் இன்னும் தூராமல் கிடந்தால், மழைக்காலத்துக்கு முன் ஊராட்சியிடம் சொல்லி மூடச் செய்யுங்கள்.