தோட்டத்தில் நாயைக் கட்டி வளர்க்கலாமா? ஜேர்மனிக்கு வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

சோஸ்ற் நகருக்கு அருகில் தோட்டத்துடன் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்திருப்பதாகவும், பிள்ளைகள் நாய் வேண்டுமென்று நச்சரிப்பதாகவும், தோட்டத்து மூலையில் கொட்டில் அடித்து நாயைச் சங்கிலியில் கட்டி வளர்க்கலாமா அல்லது இந்நாட்டவரைப் போல வீட்டுக்குள்தான் விடவேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாய் உள்ளே வருவதில் உங்கள் மனைவிக்கு விருப்பமில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். "ஊரில் எங்கள் வீட்டு நாய் விறாந்தையைத் தாண்டியதே இல்லை, அது நன்றாகத்தானே இருந்தது" என்ற உங்கள் வரியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு முன்னர் என் மனைவியிடம் நான் சொன்னதும் இதேதான்.

கேள்விக்கு நேரான விடை: கட்டி வளர்க்க முடியாது. நாய் வளர்ப்புக்கென்று 2001 இல் இங்கே தனியான ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போது சில நிபந்தனைகளோடு கட்டி வைக்க இடமிருந்தது. 2021 இல் அதைத் திருத்தி அந்த இடத்தையும் எடுத்துவிட்டார்கள். பழக்கப்பட்ட வேலை நாயை, அந்த வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் கட்டலாம் என்பதே எஞ்சியிருக்கும் விலக்கு. விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தண்டப்பணம் 25,000 யூரோ வரை போகலாம். ஆனால் தண்டப்பணத்துக்குப் பயந்து மட்டும் நீங்கள் முடிவெடுப்பதை நான் விரும்பவில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1985 இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பல வருடங்கள் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பின்னர் தொழிற்சாலை வேலைக்கு மாறி, 2003 இல்தான் ஹம் நகருக்கு வெளியே சிறு காணியுடன் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அடுத்த வருடம் பக்கத்துப் பண்ணையிலிருந்து செப்பர்ட் கலப்புக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் அதற்குப் பென்னோ என்று பெயர் வைத்தார்கள். கோடை முடிந்ததும் அதைப் பின்வளவுக்கு மாற்றினேன். அப்பிள் மரத்துக்கும் கருவிகள் வைக்கும் கொட்டிலுக்கும் இடையே கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, சங்கிலியை மாட்டினேன். ஒட்டுப்பலகையில் நானே கூடு செய்தேன். ஊரில் ஆட்டுக்கு அடிப்போமே, அந்த அளவில், ஒரு மனிதன் குந்தியிருக்கக்கூடிய பெரிய கூடு. நாய் மீது எனக்கு அக்கறை இல்லையென்று எவரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே அதை அவ்வளவு பெரிதாகச் செய்தேன்.

2005 ஜனவரியில் ஒரு காலை, மாவட்டக் கால்நடை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அயலில் யாரோ அறிவித்திருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவர் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து முதலில் கம்பியை அளந்தார்: நாலரை மீற்றர். ஆறு மீற்றராவது இருக்கவேண்டும் என்றும், இரண்டு பக்கமும் நாய் அசைய ஐந்து மீற்றர் இடம் வேண்டும் என்றும் அன்றைய விதி இருந்தது. பிறகு தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வயதைப் பார்த்தார். ஒன்பது மாதம். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த நாயைக் கட்டவே கூடாது என்றார். கடைசியில் பனியில் முழந்தாளிட்டு, கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருந்த குளிருக்கும் வெளியே இருந்த குளிருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. வெப்பமூட்டி இல்லாத கூடு, நாய் தன் உடற்சூட்டினாலேயே சூடாக்கக்கூடிய அளவில்தான் இருக்கவேண்டும் என்றும், சுவர்கள் குளிர் தாங்குவதாக இருக்கவேண்டும் என்றும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அன்பென்று நினைத்துச் செய்த பெரிய கூடு, அந்த நாய்க்கு ஒரு குளிர்ப்பெட்டி.

அவர் சொல்லாத ஒன்றை நான் அன்று கண்டேன். முதல்நாள் இரவு முழங்கால் அளவுக்குப் பனி பெய்திருந்தது. கூட்டின் வாசலில் நாயின் காலடி ஒன்றுகூட இல்லை. கம்பியின் மறுமுனையில், எங்கள் சமையலறை யன்னலுக்கு மிக அருகே சங்கிலி எட்டக்கூடிய கடைசி இடத்தில் மட்டும் பனி அரைவட்டமாக மிதிபட்டு, கட்டியாகி, மஞ்சளாய்க் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் விரல் தடிப்பில் பனிக்கட்டி. அதன் நடுவில் நாக்கால் நக்கி நக்கி உண்டான ஒரு குழி. இரவு முழுவதும் அது எங்கே நின்றது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதிகாரி தண்டம் விதிக்கவில்லை. இரண்டு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே பென்னோ உள்ளே வந்துவிட்டது.

இனி உங்கள் ஊர் நியாயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் வீமன் என்றொரு நாய் இருந்தது. பகலில் அடுப்படிக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் கட்டுவோம், இரவில் அவிழ்த்துவிடுவோம். ஆனால் அது ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. அம்மா அதன் முன்னால்தான் மீன் வெட்டினார். ஐயா அதன் பக்கத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசித்தார். கிடுகு வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாய் நின்றது, படலையால் நாள் முழுவதும் ஆட்கள் வந்து போனார்கள், ஒழுங்கையில் போன சைக்கிள் ஒவ்வொன்றையும் அது அறிந்து வைத்திருந்தது. வீட்டின் வாழ்க்கையே முற்றத்தில் நடந்ததால், முற்றத்து நாய் உண்மையில் வீட்டு நாயாகத்தான் இருந்தது. இங்கே நிலைமை தலைகீழ். ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல்வரை கதவும் யன்னலும் பூட்டியபடி, வாழ்க்கை முழுவதும் உள்ளே. தோட்டத்து மூலையில் கட்டிய நாய்க்கு நாளில் நாம் தெரிவது சாப்பாடு வைக்கும் ஐந்து நிமிடம் மட்டுமே. ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொண்டு நாம் சங்கிலியைக் கொண்டுவந்துவிட்டோம், முற்றத்தைக் கொண்டுவர முடியவில்லை. ஊரில் எல்லா நாய்களும் சுகமாக இருந்தன என்றும் நான் சொல்லவரவில்லை. சொறி பிடித்து ஒழுங்கையில் கிடந்தவற்றையும் நாம் கண்டிருக்கிறோம்.

கட்டாமல் வெளியே கூண்டில் வளர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அளவுகளைக் கேளுங்கள். தோளுயரம் 50 சென்ரிமீற்றர் வரையான நாய்க்கு 6 சதுர மீற்றர், 65 வரையானதற்கு 8, அதற்கு மேற்பட்டதற்கு 10. எந்தப் பக்கமும் இரண்டு மீற்றருக்குக் குறையக்கூடாது. கூண்டுக்குள் காப்பிட்ட கூடு, அதற்கு வெளியே நிழலும் குளிரேறாத படுக்கையிடமும் வேண்டும். கூண்டோ வீடோ, அதற்கு வெளியே போதிய அளவு ஓடியாட இடம் கொடுக்கவேண்டும். நாளில் பல தடவை மனிதர் அதனுடன் பழகவும் வேண்டும். இவ்வளவும் செய்ய உங்களால் முடியுமென்றால் நாயை உள்ளே விடுவது அதைவிட மலிவு. மேலும், நமக்குப் பழக்கமான குட்டை மயிர் நாய் வகைகளுக்கு அடிமயிர் அடர்த்தி இல்லை. இந்நாட்டுக் குளிர்காலத்து இரவை அவை வெளியே தாங்கா.

கள்வர் பயத்தையும் குறிப்பிட்டிருந்தீர்கள். கட்டிய நாயின் சங்கிலி எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கள்வன் ஒரு பார்வையில் கணக்கிட்டுவிடுவான். அது குரைப்பது அயலவருக்குத்தான் உபத்திரவம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை இங்கே ஓய்வு நேரம். குரைப்பு ஒரு தடவையில் பத்து நிமிடத்துக்கும் நாளில் மொத்தம் அரை மணித்தியாலத்துக்கும் மேற்படக்கூடாது என்று தீர்த்த வழக்குகளும் உண்டு. தனித்து விடப்பட்ட நாய் இதை ஒரு காலையிலேயே முடித்துவிடும். உள்ளே கதவடியில் படுத்திருக்கும் நாய் அப்படியல்ல, அது ஆள் வந்தால் மட்டும் குரைக்கும்.

உங்கள் மனைவியின் மனக்குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. சைவ வீட்டில் சாமியறைக்குப் பக்கத்தில் நாய் என்றால் யாருக்கும் தயக்கம் இருக்கும். நாங்கள் செய்தது இதுதான்: பின்கதவைத் திறந்தவுடன் வரும், தரையில் ஓடு பதித்த சிறு அறையை அதற்குக் கொடுத்தோம், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நிற்கும் இடம். அங்கே ஒரு தடித்த விரிப்பு, சுவரில் கால் துடைக்கும் துவாய். கூடத்துக்கு வரலாம். சமையலறை வாசலிலும் சாமியறை வாசலிலும் கைக்குழந்தைகளுக்குப் போடும் சிறு தடுப்புக் கதவைப் பொருத்தினோம். ஒரு மாதத்தில் அது எல்லையைப் படித்துவிட்டது, கதவு திறந்து கிடந்தாலும் வாசலில் நின்றுவிடும். மயிர் கொட்டுவதற்கு மட்டும் மருந்தில்லை, கூட்டத்தான் வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் முதல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் "வைரவற்றை வாகனம்தானே, பரவாயில்லை" என்று தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, மடியில் ஒளித்துவைத்து பிஸ்கற் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவரை நிறுத்துவதுதான் பிறகு பெரும்பாடாகப் போயிற்று. இதோடு ஒன்றைச் சொல்லவேண்டும்: மிச்சச் சோற்றையும் கறியையும் ஊரில் வைப்பதுபோல வைக்காதீர்கள். நம் கறி எல்லாவற்றிலும் வெங்காயம் இருக்கிறது, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

வேறு சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தத்தின் அச்சடித்த படிவத்தில் நாய் பூனை அறவே கூடாது என்று இருந்தால், அப்படியான பொதுத்தடை செல்லாது என்று உயர் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. அதற்காகக் கேட்காமலே கொண்டுவரலாம் என்று பொருளல்ல. வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நகரசபையில் பதிந்து நாய்வரி கட்டவேண்டும். நம் நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் நாய் 40 சென்ரிமீற்றர் உயரத்தையோ 20 கிலோ நிறையையோ எட்டுமென்றால், அதிகாரிகளுக்கு அறிவித்து, மைக்ரோசிப் பொருத்தி, பொறுப்புக் காப்புறுதி எடுத்து, வளர்க்கும் அறிவு உங்களுக்கு உண்டென்று சான்றும் பெறவேண்டும். நீங்கள் விரும்பும் செப்பர்ட் நிச்சயமாக இதற்குள் வரும்.

ஆனால் உள்ளே விட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் மனைவியும் காலை ஏழு மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து மணித்தியாலம் பூட்டிய கூடத்தில் தனித்திருக்கும் நாய்க்கு, சங்கிலி இல்லையே தவிர, மற்றெல்லாம் பென்னோவின் பின்வளவுதான். என் மனைவி அந்த வருடங்களில் பிற்பகல் வேலைக்குப் போனார், நான் அதிகாலை வேலை. ஒருவர் மாறி ஒருவர் வீட்டில் இருந்தோம். அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் எங்களாலும் முடிந்திராது. பென்னோ எங்களோடு 2017 வரை இருந்தது. உங்கள் வேலைநேரம் மாறும்வரை, அல்லது பகலில் அதைப் பார்க்க ஆள் கிடைக்கும்வரை, நாய் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். பிள்ளைகள் கோபிப்பார்கள்தான்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகங்கள் பலவற்றில், நாய்களை உலாவக் கூட்டிச் செல்லத் தொண்டர்களை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் பக்கத்துக் காப்பகத்தில் கேட்டுப்பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் போங்கள். மனைவியையும் ஒருநாள் அழைத்துப் போங்கள். இப்போது அல்ல, நவம்பரில் தொடங்குங்கள். நாலு மணி கடந்ததும் இருட்டி, மழை பக்கவாட்டில் அடிக்கும் அந்த மாதத்தில் நாலு சனிக்கிழமை தவறாமல் போய்வந்த பிறகும் பிள்ளைகள் நாய் கேட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தத் தடுப்புக் கதவுகள் இரண்டும் இன்னும் எங்கள் நிலவறையில்தான் இருக்கின்றன.